இளம் சால்மன் எங்கே போகிறது: சிற்றோடையில் அதன் நடமாட்டத்தையும் வாழிடத்தையும் ஆராயும் முறை

ஜூலை மாதத்தில் ஒரு சிற்றோடையின் மடுவில் 80 கோஹோ சால்மன் குஞ்சுகளைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம் என்று கொள்வோம். டிசம்பரில் அதே மடுவில் 10 குஞ்சுகளே அகப்பட்டால், மற்ற 70 குஞ்சுகளும் இறந்துவிட்டனவா, வேறிடம் போய்விட்டனவா என்பதை அந்த எண்ணிக்கையைக் கொண்டு அறிய முடியாது. ஓடைகளில் இளம் சால்மனை ஆராய்பவர் எதிர்கொள்ளும் முதன்மையான கேள்வி இதுவே. இதற்கு விடை கிடைக்கும் வகையில் ஆய்வை அமைக்காவிட்டால், இடம்பெயர்ந்த மீன்களையெல்லாம் இறந்த மீன்களாகக் கணக்கிடுவதோடு, அவை போய்ச்சேர்ந்த இடங்களைப் பயனற்றவை என்று ஒதுக்கிவிடவும் நேரும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரச் சிற்றோடைகளையும் அவற்றில் வளரும் கோஹோ சால்மனையும் முன்னிறுத்தி, இத்தகைய ஆய்வைத் திட்டமிட்டு நடத்தும் முறையை இங்கே விளக்குகிறேன்.

ஓடை மீன்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தங்கி வாழ்பவை என்னும் கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1959-இல் ஷெல்பி கெர்க்கிங் எழுதிய ஆய்வுத் தொகுப்பு அதற்கு வலுச்சேர்த்தது. 1994-இல் சார்ல்ஸ் கோவனும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கருத்தின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கினர். அடையாளமிட்ட இடத்திலேயே திரும்பவும் வலைபோட்டுத் தேடினால் அங்கே தங்கிய மீன்கள் மட்டுமே அகப்படும். போனவை கணக்கிலேயே வராது. ஆகவே 'மீன் நகர்வதில்லை' என்னும் முடிவு, தேடிய முறையிலேயே அடங்கியிருந்தது என்பது அவர்கள் வாதம். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்தப் பிழையைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது.

முதலில் மீனின் ஆண்டுச் சுழற்சியை அறிதல்

கோஹோ சால்மன் இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் ஓடையின் சரளைக்கற்களுக்கிடையே குழி பறித்து முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருவை உண்டபடி கற்களுக்குள்ளேயே சில வாரங்கள் இருந்துவிட்டு, இளவேனிலில் மேலே வருகிறது. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நன்னீரில் வளர்ந்து, அடுத்த இளவேனிலில் உடல் வெள்ளிநிறமாகி, ஸ்மோல்ட் என்னும் நிலையில் கடலுக்குச் செல்கிறது. அலாஸ்கா போன்ற குளிர்ப் பகுதிகளில் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஓடையில் தங்குவதும் உண்டு. இளஞ்சிவப்புச் சால்மனும் சம் சால்மனும் கற்களைவிட்டு வெளிவந்த சிறிது காலத்திலேயே கடலை நோக்கிப் போய்விடுவதால், ஓடை வாழிட ஆய்வுக்கு அவை பொருந்துவதில்லை. அட்லாண்டிக் சால்மனின் குஞ்சோ ஓராண்டு முதல் பல ஆண்டுகள் வரை ஓடையில் வாழ்ந்தாலும், அகன்ற மார்புத் துடுப்புகளை ஊன்றி, வேகமான நீரோட்டத்தின் அடியில் கற்களோடு ஒட்டி நிற்கும் இயல்புடையது. மடுவை விரும்பும் கோஹோவுக்காக வகுத்த திட்டத்தை அப்படியே அதற்குப் பயன்படுத்தலாகாது.

கோஹோ குஞ்சை மற்ற குஞ்சுகளிலிருந்து பிரித்தறியக் குதத் துடுப்பைப் பார்க்க வேண்டும். அதன் முன்விளிம்பு நீண்டு, அரிவாள்போல் வளைந்து, வெண்மையாகவும், அந்த வெண்மைக்குப் பின்னே ஒரு கருங்கோட்டுடனும் இருக்கும். ஒரே ஓடையில் ஸ்டீல்ஹெட், கட்த்ரோட் டிரவுட் குஞ்சுகளும் கலந்திருப்பதால் இந்தப் பயிற்சியின்றி எண்ணத் தொடங்கக் கூடாது.

இந்தச் சுழற்சிக்குள் நடமாட்டம் மிகும் காலங்கள் உள்ளன. இளவேனிலில் குஞ்சுகள் வெளிவந்ததும் இடத்துக்காக ஒன்றையொன்று விரட்டுகின்றன. தோற்ற சிறு குஞ்சுகள் நீரோட்டத்தோடு கீழே செல்கின்றன. டொனால்ட் சாப்மன் 1962-இல், ஒரிகன் ஓடைகளில் இவ்வாறு வெளியேறும் குஞ்சுகளை நாடோடிகள் என்று குறிப்பிட்டு, அவற்றின் வெளியேற்றத்துக்கு இந்தச் சண்டையே ஒரு முக்கியக் காரணம் என்று காட்டினார். கோடையில் நீர் குறையும்போது நடமாட்டம் சுருங்குகிறது. ஆயினும் முற்றிலும் நிற்பதில்லை. இலையுதிர் காலத்தின் முதல் பெருமழையில் ஓடை பெருகும்போது பெரும் இடப்பெயர்ச்சி நிகழ்கிறது. அடுத்த இளவேனிலில் ஸ்மோல்ட்டுகளின் கடற்பயணம். ஆய்வுக்கான ஆட்களும் கருவிகளும் எந்த வாரங்களில் தேவை என்பதை முடிவுசெய்வது இந்தச் சுழற்சியே.

ஓடையை அளந்து வரைதல்

ஓடையின் வாயிலிருந்து மீன் ஏற முடியாத அருவி வரை முழு நீளமும் நடந்து, ஒவ்வொரு அலகையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும்: ஆழ்ந்து மெல்லச் சுழலும் மடு, கற்களின் மேல் ஆழமின்றிச் சலசலத்தோடும் பகுதி, சீராக ஓடும் பகுதி, கரையோரத்தில் நீர் தேங்கும் ஒதுக்கிடம், கிளையோடை, பீவர் என்னும் கொறிக்கும் விலங்கு கட்டிய அணைக்குப் பின்னுள்ள குளம். ஒவ்வொன்றின் நீளம், அகலம், ஆழம், அடியிலுள்ள கற்களின் அளவு, நீருக்குள் கிடக்கும் மரங்கள், குடைந்த கரை, மேலே கவிந்த நிழல் ஆகியவற்றைப் பதிய வேண்டும்.

மடுவின் ஆழம் நீர்மட்டத்தோடு மாறுவதால், வெவ்வேறு நாட்களில் அளந்த ஆழங்களை நேரடியாக ஒப்பிட இயலாது. அதற்கு எஞ்சும் ஆழத்தைக் கணக்கிட வேண்டும். மடுவின் மிக ஆழமான இடத்தை அளந்து, மடுவிலிருந்து நீர் வழிந்து வெளியேறும் மேட்டின் ஆழத்தை அதிலிருந்து கழித்தால் கிடைப்பதே எஞ்சும் ஆழம்; மிகுதியான ஆழம் 90 சென்டிமீட்டர், வழியும் மேட்டில் ஆழம் 25 சென்டிமீட்டர் என்றால் எஞ்சும் ஆழம் 65 சென்டிமீட்டர். ஓட்டம் அடியோடு நின்றாலும் அந்த மடுவில் தங்கும் நீரை அது காட்டுவதால், கோடையில் மீனுக்கு மிஞ்சும் இடத்தை அளக்க இதைவிட எளிய அளவை எனக்குத் தெரிந்து இல்லை. நீரின் வேகத்தை, ஆழம் குறைந்த ஓடைகளில், மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கு கீழே உள்ள புள்ளியில் அளப்பது வழக்கம். அதனோடு, மீன் நின்ற இடத்தைக் கண்டால் அதன் மூக்கருகே உள்ள வேகத்தையும் தனியாக அளக்க வேண்டும். மீன் மெல்லிய நீரில் நின்றபடி பக்கத்து வேகநீரில் மிதந்துவரும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிப்பதால், இந்த இரண்டு வேகங்களின் வேறுபாடு அந்த இடத்தின் மதிப்பைச் சொல்லும்.

வரைபடத்தில் வறண்ட இடங்களுக்கும் இடம் தர வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். கோடையில் சேறாகவோ புல்தரையாகவோ கிடக்கும் பள்ளங்கள் குளிர்காலத்தில் நீர் நிறைந்து மீன் வாழிடமாகின்றன. வான்கூவர் தீவிலுள்ள கார்னேஷன் ஓடையில் 1970-களின் தொடக்கத்திலிருந்து நடந்துவரும் நீண்ட ஆய்வில், குளிர்காலக் கோஹோ குஞ்சுகள் ஆழமான மடுக்களிலும் மரக்குவியல்களுக்கு அடியிலும் தங்கியதோடு, கோடையில் வற்றிவிடும் பக்கவாட்டுச் சதுப்புகளுக்குள்ளும் புகுந்திருந்தன. அதேபோல், கோடையில் ஓட்டம் அறுந்துபோகும் கிளையோடைகளையும் விட்டுவிடக் கூடாது. ஒரிகனில் ஸ்மித் ஆற்றின் மேற்குக் கிளையில் செய்யப்பட்ட ஆய்வு, இத்தகைய ஓடைகளைக் கோஹோ முட்டையிடவும் குளிர்காலத்தைக் கழிக்கவும் பயன்படுத்துவதைக் காட்டியது.

வெப்பநிலைப் பதிவுக்கருவிகளை ஓடையின் மேற்பகுதி, நடுப்பகுதி, வாய்ப்பகுதி ஆகியவற்றில் வெயில் நேரடியாகப் படாதபடி உறையிட்டுக் கட்டி, மணிக்கொருமுறையாவது பதியச் செய்ய வேண்டும். வடக்குக் கலிபோர்னியாவின் மட்டோல் ஆற்றுப்படுகையில், அன்றாட உச்ச வெப்பநிலையின் ஒருவாரச் சராசரி ஏறத்தாழ 18 பாகை செல்சியஸைத் தாண்டிய கிளையோடைகளில் கோஹோ குஞ்சுகள் காணப்படவில்லை. எனவே கோடை முழுவதற்கும் ஒரே சராசரியை எடுக்காமல், மிகவும் வெப்பமான வாரத்தைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாய்கள் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, குழாயின் கீழ்முனைக்கும் அதன் கீழுள்ள நீர்ப்பரப்புக்கும் இடையிலான வீழ்ச்சியை அளக்க வேண்டும். வளர்ந்த சால்மன் எளிதில் தாவிவிடும் உயரம் விரல்நீளக் குஞ்சுக்குச் சுவராகிவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் பழங்குடி இனங்களின் மீன்பிடி ஒப்பந்த உரிமையின் அடிப்படையில் இத்தகைய குழாய்களைச் சரிசெய்யவேண்டும் என்று 2013-இல் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை, 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு என்ற சம வாக்கில் நிலைநிறுத்தியது.

மீனைக் காணுதலும் பிடித்தலும்

கோடையில் தெளிந்த ஓடையில் முகமூடியும் ஸ்நார்க்கலும் அணிந்து, கீழிருந்து மேல்நோக்கி மெல்லத் தவழ்ந்து எண்ணுவதே மீனுக்குத் தீங்கு குறைந்த முறை. மீன்கள் ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால் பின்னாலிருந்து வருபவரைக் கண்டு அவ்வளவாக மிரள்வதில்லை. கலங்கிய மண்ணும் பின்னே போய்விடும். நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 8 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் நிலைமை மாறுகிறது. அப்போது இளம் சால்மன்கள் பகலில் கற்களின் இடுக்கிலும் மரக்கிளைகளுக்கிடையிலும் ஒளிந்துகொண்டு, இருட்டிய பிறகே வெளியே வருகின்றன. குளிர்காலப் பகலில் எண்ணிவிட்டு, ஓடையில் மீன் இல்லை என்று எழுதுவது பெரும் பிழை. குளிர்காலக் கணக்கெடுப்பை இருட்டிய பின், மங்கலான விளக்கொளியில், குளிர்தாங்கும் உடையோடும், கரையில் ஒரு துணையோடும் நடத்த வேண்டும்.

கண்ணால் எண்ணியது முழு எண்ணிக்கையன்று. ஆகையால் எண்ணிய மடுக்களில் சிலவற்றைத் தற்செயல் முறையில் தேர்ந்து, மேலும் கீழும் தடுப்பு வலை கட்டி, நீரில் மின்சாரம் பாய்ச்சி மீன்களைச் சற்றுநேரம் திகைக்கச் செய்து பலமுறை பிடித்து, இரண்டு எண்ணிக்கைகளுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு மற்ற மடுக்களின் எண்ணிக்கையைத் திருத்த வேண்டும். மின்சாரம் பாய்ச்சும்போது மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி, தேவையான அளவுக்கு மட்டுமே உயர்த்த வேண்டும். நீர் 18 பாகையைத் தாண்டியிருந்தாலோ, முட்டையிடும் மீன்களோ முட்டைக்குழிகளோ அருகில் இருந்தாலோ அந்த வேலையைத் தொடவே கூடாது. ஆழமான குளங்களிலும் மரக்குவியல்களிலும், சால்மன் முட்டையைத் துளையிட்ட டப்பாவில் வைத்து இரையாக்கிய சிறுமீன் கூண்டுகளே நன்றாகப் பயன்படும். கூண்டு எல்லா அளவு மீன்களையும் ஒரேபோல் பிடிப்பதில்லை என்பதை அதன் எண்ணிக்கையைப் பயன்படுத்தும் இடமெல்லாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றில் எதற்கும் அனுமதி இன்றியமையாதது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் பல கோஹோ கூட்டங்கள் அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. அவற்றைத் தொடுவதற்கு, அமெரிக்க அரசின் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் மீன்வளப் பிரிவின் அனுமதியும் மாநில அனுமதியும் வேண்டும். கனடாவில் மீன்வள, பெருங்கடல் துறை உரிமம் வழங்குகிறது.

அடையாளமிடுதல்

இன்று இந்த ஆய்வுகளுக்கு அடிப்படையாக இருப்பது பிட் டேக் என்னும் மிகச்சிறிய கண்ணாடிக் குப்பி. அதற்குள் மின்கலம் கிடையாது. ஓடையில் நிறுவிய, எண்ணைப் படிக்கும் ஆன்டெனாவின் காந்தப்புலத்துக்குள் வரும்போது மட்டும் உயிர்பெற்றுத் தன் தனி எண்ணை வெளியிடுகிறது. ஆகவே மீனின் வாழ்நாள் முழுவதும் அது பயன்படும். கடலுக்குப் போய்த் திரும்பிவரும் மீனிடமும் அதே எண்ணைப் படிக்கலாம். 12 மில்லிமீட்டர் டேக்கை வழக்கமாக 65 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள குஞ்சுகளுக்கே இடுகிறார்கள். அதைவிடச் சிறிய குஞ்சுகளுக்கு 8 அல்லது 9 மில்லிமீட்டர் டேக்குகள் உண்டு. 23 மில்லிமீட்டர் டேக் இன்னும் தொலைவிலிருந்தே படிக்கப்பட்டாலும் சிறு மீனின் உடலுக்கு அது பெருஞ்சுமை. இந்த அளவுக் கட்டுப்பாட்டால் ஒரு குறை எழுகிறது: இளவேனிலில் விரட்டப்பட்டுக் கீழே போகும் சின்னஞ்சிறு குஞ்சுகளை இந்த முறையால் பின்தொடர முடியாது. அவற்றுக்குத் தனியாக, ஓடைவாயில் பொறிக்கூண்டு வைத்து எண்ண வேண்டும்.

டேக் இடும் கைப்பழக்கத்தைப் பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்ளாமல் யாரும் தொடங்கக் கூடாது. மீனைச் சமையல் சோடாவால் காரச் சமநிலை செய்த மயக்கமருந்து நீரில் இட்டு, அது புரண்டதும் எடுத்து, நீளத்தையும் எடையையும் குறித்து, மார்புத் துடுப்புகளுக்குப் பின்னே, வயிற்றின் நடுக்கோட்டுக்குச் சற்றே பக்கவாட்டில், கிருமிநீக்கிய ஊசியால் டேக்கைச் செலுத்த வேண்டும். கையும் அளவுப்பலகையும் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மீன் காற்றில் இருக்கும் நேரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். காற்று செலுத்திய குளிர்ந்த நீரில் முழுதாகத் தெளிந்த பிறகே, பிடித்த அதே அலகில் விட வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஓர் உயிரின் மேல் செய்யும் சிகிச்சை இது. எண்ணிக்கையைக் கூட்டும் அவசரத்தில் வெப்பமான பிற்பகலில் இதைச் செய்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

டேக் இட்ட மீன்கள் ஓடையின் ஒரு மூலையிலிருந்து மட்டும் வந்தால், அந்த மூலையின் கதையே ஓடையின் கதையாகிவிடும். மேற்பகுதி, நடுப்பகுதி, கீழ்ப்பகுதி ஆகிய மூன்றிலும், மடுவிலும் சலசலப்பிலும், பெரிய குஞ்சுக்கும் சிறிய குஞ்சுக்கும் பங்கிட்டு இட வேண்டும்.

ஆன்டெனாவை எங்கே வைப்பது

பணம் ஓர் இடத்துக்கு மட்டுமே போதும் என்றால், அந்த ஓர் இடம் ஓடை பெரிய ஆற்றிலோ கடலிலோ சேரும் வாயாகவே இருக்கட்டும் என்பேன். ஓடையைவிட்டு வெளியேறிய மீனையும் ஓடைக்குள்ளேயே மறைந்த மீனையும் பிரித்துக் காட்டக்கூடியது அந்த இடம் ஒன்றுதான். வாயில் ஓடையின் முழு அகலத்தையும் தழுவும் இரண்டு ஆன்டெனாக்களைச் சில மீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவ வேண்டும். எது முதலில் படித்தது என்பதைக்கொண்டு மீன் சென்ற திசை தெரியும். அடுத்த முன்னுரிமை, பக்கவாட்டுக் குளங்களும் பீவர் குளங்களும் ஓடையோடு சேரும் வாய்க்கால்களுக்கு. மடு நடுவே ஆன்டெனா வைத்தால், அங்கே குடியிருக்கும் ஒரே மீன் இரவும் பகலும் படிக்கப்பட்டுப் பதிவேட்டை நிரப்பும்; அது அருகில் நிற்கும்வரை கடந்துபோகும் மற்ற மீன்களின் எண்கள் படிக்கப்படாமலும் போகும். மீன் தங்காமல் கடந்துபோகும் ஆழமற்ற ஓட்டமே ஆன்டெனாவுக்கு உரிய இடம்.

ஆன்டெனா எல்லா மீனையும் படிப்பதில்லை. அதன் திறனைக் கணக்கிட இரண்டு ஆன்டெனாக்களும் உதவும். எடுத்துக்காட்டாக, கீழ்நோக்கிச் சென்ற மீன்களில் 80 மீன்களைக் கீழ் ஆன்டெனா படித்தது என்றும், அந்த 80-இல் 60 மீன்களை மட்டுமே மேல் ஆன்டெனாவும் படித்திருந்தது என்றும் கொண்டால், மேல் ஆன்டெனாவின் திறன் 75 விழுக்காடு. இந்தக் கணக்கை ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளக் கூடாது. படிக்கும் தொலைவு சில பத்துச் சென்டிமீட்டர்களே என்பதால், ஓடை பெருகி நீர் ஆன்டெனாவுக்கு மேலே உயரும்போது திறன் விழுகிறது. மீன்கள் பெருந்திரளாக நகர்வதும் அதே வெள்ளத்தில்தான். வெள்ள நாட்களின் திறனைத் தனியே கணக்கிட்டு, நீர்மட்டப் பதிவோடு சேர்த்து வைக்காவிட்டால், மிகுதியாக நகர்ந்த காலத்தை நகராத காலமாகப் படித்துவிடுவோம். மின்கலம் தீர்ந்து ஆன்டெனா நின்றுபோன மணிநேரங்களையும் விடாமல் குறிக்க வேண்டும். அந்த இடைவெளியில் மீன் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆன்டெனாக்களுக்கு இடையே உள்ள நீளத்தில், கையில் பிடிக்கும் ஆன்டெனாவோடு ஓடையில் நடந்து தேடலாம். அப்போது தென்படும் டேக் உயிருள்ள மீனிடம் இருக்கிறதா, இறந்த மீன் விட்டுச்சென்று சரளையில் கிடக்கிறதா என்பதை, அடுத்தடுத்த தேடல்களில் அது நகர்ந்ததா என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

பதிவுகளைப் படித்தல்

இலையுதிர் காலத்தில் வாயைக் கடந்துபோன குஞ்சுகளை ஓடை இழந்த மீன்கள் என்று முன்பு கருதினர். வாஷிங்டன் மாநிலத்தின் வடகரையில், ஹுவான் டி ஃபூகா நீரிணையில் சேரும் கிழக்கு ட்வின், மேற்கு ட்வின் ஆறுகளில் டேக் இட்டுச் செய்த ஆய்வுகளில், இலையுதிர் காலத்தில் வெளியேறியவற்றிலிருந்தும் வளர்ந்த மீன்கள் முட்டையிடத் திரும்பிவந்தன. ஒலிம்பிக் தீபகற்பத்தின் கிளியர்வாட்டர் ஆற்றில், குஞ்சுகள் முதன்மை ஆற்றை விட்டு இலையுதிர் காலத்தில் ஆற்றோரக் குளங்களுக்குள் நுழைந்து குளிர்காலத்தைக் கழித்தன. அவற்றுள் சில 30 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்திருந்தன. ஒரிகன் கழிமுகங்களில் கோடையைக் கழித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு மீண்டும் நன்னீருக்கு ஏறும் கோஹோ குஞ்சுகளும் உண்டு. ஆகவே அக்டோபரில் வாயைக் கடந்த டேக்கை இறப்புக் கணக்கில் சேர்க்காமல், அருகிலுள்ள ஓடைகளின் ஆன்டெனாப் பதிவுகளிலும் கழிமுகப் பிடிப்புகளிலும் தேட வேண்டும்.

நாளுக்குள்ளேயே நிகழும் நடமாட்டமும் கவனத்துக்குரியது. தென்மேற்கு அலாஸ்காவின் ஓர் ஓடையில், கோஹோ குஞ்சுகள் குளிர்ந்த கீழ்ப்பகுதியில் சாக்கை சால்மனின் முட்டைகளை வயிறு நிறைய உண்டுவிட்டு, செரிமானம் விரைவாக நடக்கும் வெதுவெதுப்பான மேற்பகுதிக்குச் சில நூறு மீட்டர்கள் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரை நீந்திச் சென்றன. இரை ஓரிடத்திலும் ஏற்ற வெப்பம் வேறிடத்திலும் இருந்த ஓடை அது. பகலில் மட்டும் ஒருமுறை எண்ணியிருந்தால் இந்தத் தொடர்பு தெரிந்திருக்காது. எனவே ஆன்டெனாப் பதிவுகளை நாள்வாரியாகத் தொகுப்பதற்கு முன், மணிவாரியாக ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும்.

நகர்ந்த மீனையும் தங்கிய மீனையும் ஒப்பிடும்போது, டேக் இட்ட நாளின் நீளம், மீண்டும் அகப்பட்ட நாளின் நீளம், இடைப்பட்ட நாட்கள் ஆகியவற்றைக் கொண்டு வளர்ச்சி வேகத்தைக் கணக்கிட வேண்டும். நகர்ந்தவை தோற்றுப்போனவை என்று முன்கூட்டியே கொள்ள வேண்டியதில்லை. மேற்கு வாஷிங்டனின் சிற்றோடைகளில் கோடைக்காலத்தில் இடம் மாறிய கோஹோ குஞ்சுகள், தங்கிய குஞ்சுகளைவிட வேகமாக வளர்ந்ததும் பதிவாகியுள்ளது. உயிர்பிழைப்பைக் கணக்கிடும்போது, கண்டறியும் திறனையும் உயிர்பிழைப்பையும் தனித்தனியாக மதிப்பிடும் மீள்பிடிப்பு மாதிரிகளையே பயன்படுத்த வேண்டும். அவற்றிலும், ஓடையைவிட்டு நிரந்தரமாக வெளியேறிய மீன் இறந்த மீனாகவே தோன்றும் என்பதால், வாய் ஆன்டெனாவின் பதிவைத் தனி நிலையாகச் சேர்க்க வேண்டும்.

அறிக்கை எழுதும்போது ஒவ்வொரு வாழிட அலகுக்கும் கோடை, குளிர்காலம் என்னும் இரண்டு பத்திகளையாவது வைக்க வேண்டும். 1950-களிலிருந்து 1970-கள் வரை பசிபிக் வடமேற்கின் ஓடைகளில் கிடந்த மரங்களை, மீன் ஏறுவதற்குத் தடை என்றெண்ணி அள்ளி அகற்றினார்கள். குஞ்சுகள் குளிர்கால வெள்ளத்தைத் தாங்கி ஒதுங்கும் இடங்களும் அவற்றோடு போயின. பின்னர் பெருஞ்செலவில் மரங்களை மீண்டும் ஓடைகளில் இட வேண்டியதாயிற்று. ஆகவே குளிர்காலத்தில் பாராத ஒரு பள்ளத்துக்கோ மரக்குவியலுக்கோ நேரே 'மீன் இல்லை' என்று எழுதாமல், 'குளிர்காலத்தில் பார்க்கவில்லை' என்றே எழுத வேண்டும். கொலம்பியா ஆற்றுப்படுகையில் டேக் எண்களைப் பிடேகிஸ் என்னும் பொதுத் தரவுத்தளத்தில் பதிவுசெய்வது நடைமுறை; மற்ற படுகைகளிலும் அண்டை ஓடைகளில் பணிசெய்வோரோடு எண்களை முதல் மீனுக்கு டேக் இடும் முன்பே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும்.